'முடிப்பேன்', 'முடித்திருப்பேன்': வில் ஹேவ் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் டென்ஸை எங்கே பயன்படுத்துவது என்று எத்தனை தடவை படித்தாலும் பிடிபடவில்லை. ஆறு மணிக்குள் ரிப்போர்ட்டை முடித்துவிடுவேன் என்று சொல்ல 'ஐ வில் ஃபினிஷ் தி ரிப்போர்ட் பை சிக்ஸ்' என்று எழுதினேன். 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்' என்றுதான் வர வேண்டும் என்று நண்பர் திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே? நான் 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வில் ஹேவ் கம்' என்று எழுதியதையும் தவறு என்கிறார். அங்கே வில் ஹேவ் போடாவிட்டால் தப்பு, இங்கே போட்டால் தப்பு. என்னதான் கணக்கு?"

கேள்வியில் டென்ஸின் பெயர் இருந்தாலும், கேட்கப்படுவது இரண்டு வேறு விஷயங்கள். வில் மட்டுமே போதும் என்று தோன்றும் இடத்தில் எதற்காகக் கூடவே ஒரு ஹேவ்? இது முதலாவது. இரண்டாவது, கேட்டவருக்கே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது: தமிழில் 'வந்திருப்பேன்' என்று ஒரே சொல்லில் முடிப்பது ஆங்கிலத்தில் ஏன் இரண்டு மூன்றாகப் பிரிகிறது? இருபது வருடத்துக்கும் மேலாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்ப்புகளைத் திருத்தியும் வருகிறேன். நான் பார்த்தவரை, இந்த டென்ஸில் தடுக்கி விழுகிறவர்கள் விதி தெரியாமல் விழுவதில்லை. விதியை ஒப்பிப்பார்கள். நம் '-இருப்பேன்' என்னென்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவைகூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆங்கில வாக்கியங்களையும் கீழே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இந்த விஷயம் கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

வடிவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வில், ஹேவ், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம்: வில் ஹேவ் ஃபினிஷ்ட், வில் ஹேவ் கான், வில் ஹேவ் ரிட்டன். எழுவாய் யாராக இருந்தாலும் ஹேவ்தான். 'ஹீ வில் ஹேஸ்' என்பது கிடையவே கிடையாது. வில்லுக்குப் பின்னால் எந்த வினையும் அதன் மூல வடிவத்தில்தான் நிற்கும். 'வில் ஹேவ் வென்ட்' என்பதும் தவறு. பழைய இலக்கணப் புத்தகங்களில் 'ஐ', 'வீ' இரண்டுக்கும் 'ஷேல் ஹேவ்' என்று இருக்கும். இன்று அங்கேயும் வில் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெயரில் இருக்கும் 'பெர்ஃபெக்ட்' என்பதைக் 'குறையில்லாத' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்து முடிக்கப்பட்டது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் பேரன் அது.

சரி, பொருளுக்கு வருவோம். இரவு எட்டு மணிக்கு ஒரு நண்பர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வென் யூ கம், ஐ வில் குக்' என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பீர்கள். 'ஐ வில் பி குக்கிங்' என்று சொல்லியிருந்தால், கதவைத் திறக்கும்போது உங்கள் கையில் கரண்டி இருக்கும். 'ஐ வில் ஹேவ் குக்ட்' என்று சொல்லியிருந்தால், அடுப்பு அணைந்து, பாத்திரங்கள் மூடி வைக்கப்பட்டிருக்கும். மூன்றிலும் அதே எட்டு மணி, அதே கதவு. அந்த எட்டு மணியில் போய் நின்றுகொண்டு எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதுதான் மாறுகிறது. இனிமேல் நடக்கப்போவதைப் பார்த்தால் வில். நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் வில் பி. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்தால் வில் ஹேவ். தமிழில் 'சமைப்பேன்', 'சமைத்துக்கொண்டிருப்பேன்', 'சமைத்திருப்பேன்'. இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. சின்ன வயதிலிருந்து பேசிக்கொண்டிருப்பதுதான்.

ஆகவே இந்த டென்ஸுக்கு எதிர்காலத்தில் ஒரு நிற்கும் இடம் வேண்டும். சட்டையை மாட்ட ஆணி வேண்டும் என்பதுபோல. 'ஐ வில் ஹேவ் குக்ட்' என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் 'எப்போதைக்குள்?' என்று காத்திருப்பார். எட்டு மணி, அடுத்த மாதம், நீ வருவதற்குள், இது முடியும்போது என்று ஏதாவது ஓர் ஆணி வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில் இந்த டென்ஸை இழுத்து வராதீர்கள். 'டுமாரோ ஐ வில் ஹேவ் கான் டு தி பேங்க்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 'நாளைக்கு பேங்க் போவேன்' என்பதுதான் சொல்ல வந்தது. அதற்கு வில் கோ போதும்.

இப்போது உங்கள் ஆறு மணி. 'ஐ வில் ஃபினிஷ் தி ரிப்போர்ட் பை சிக்ஸ்' என்பதில் தவறே இல்லை. உங்கள் நண்பர் திருத்தியது அதிகப்படி. ஃபினிஷ் என்ற வினைக்குள்ளேயே முடிவு இருக்கிறது. பை என்ற சொல் ஆறு மணியைக் கெடுவாக நிறுத்திவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வில் ஹேவ் செய்யும் வேலையில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் பேச்சு ஆங்கிலத்தில் 'ஐ வில் பி டன் பை சிக்ஸ்', 'இட் வில் பி ரெடி பை சிக்ஸ்' என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் அப்படி ஒன்றும் தினமும் நூறு தடவை வாயில் வரும் டென்ஸ் அல்ல. ஆனாலும் உங்கள் இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அது கேள்வியாகவும் மறுப்பாகவும் மாற்றும்போதுதான் பளிச்சென்று தெரியும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முடிவு உள்ளே இல்லாத வினைகளில் கதை வேறு. 'ஐ வில் ரீட் தி ரிப்போர்ட் பை சிக்ஸ்' என்பது காதில் லேசாக உறுத்தும். படிப்பது முடிந்துவிடுமா என்று தெளிவில்லை. 'ஐ வில் ஹேவ் ரெட் இட் பை சிக்ஸ்' என்றால் சந்தேகம் இல்லை. ஆனால் இங்கேதான் தமிழிலிருந்து நேராகத் தூக்கிப் போடுவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'பதினொரு மணிக்கெல்லாம் தூங்கியிருப்பான்' என்கிறோம். அதை 'ஹீ வில் ஹேவ் ஸ்லெப்ட் பை லெவன்' என்று எழுதினால், பதினொரு மணிக்குள் தூங்கி முடித்திருப்பான் என்று ஆகிவிடும். நாம் சொல்ல வந்தது தூக்கத்தில் விழுந்திருப்பான் என்று. அதற்கு 'ஹீ வில் ஹேவ் ஃபாலன் அஸ்லீப்', அல்லது இன்னும் எளிதாக 'ஹீ வில் பி அஸ்லீப்'. 'வாசலில் உட்கார்ந்திருப்பார்' என்பதும் இப்படித்தான். உட்கார், நில், படு போன்ற வினைகளோடு 'இரு' சேர்ந்தால் தமிழில் வேலை முடிந்தது என்ற பொருளைவிட அந்த நிலையில் இருக்கிறார் என்ற பொருளே மேலோங்கும். 'உட்கார்ந்திருக்கிறார்' என்றால் 'ஹீ இஸ் சிட்டிங்' தானே? அதுபோல 'உட்கார்ந்திருப்பார்' என்பது 'ஹீ வில் பி சிட்டிங்'. 'வில் ஹேவ் சாட்' என்று எழுதினால் கேட்பவர் விழிப்பார். '-இருப்பார்' வந்தாலே வில் ஹேவ் என்று மனப்பாடம் செய்துகொண்டவர்கள் முதலில் விழுவது இந்தப் பள்ளத்தில்தான்.

பை என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமிழில் 'க்குள்' என்ற ஒரே உருபை வைத்து 'ஆறு மணிக்குள்' என்றும் சொல்கிறோம், 'ஆறு மணி நேரத்துக்குள்' என்றும் சொல்கிறோம். முன்னது கடிகாரத்தில் ஒரு புள்ளி, பின்னது ஒரு நீளம். ஆங்கிலம் புள்ளிக்கு பை வைத்திருக்கிறது, நீளத்துக்கு வித்தின் வைத்திருக்கிறது. 'வித்தின் சிக்ஸ் ஓ கிளாக்' என்பதை இதுவரை எத்தனை மெயில்களில் திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. 'பை சிக்ஸ் ஓ கிளாக்', 'வித்தின் சிக்ஸ் அவர்ஸ்'. அன்டில் என்பது 'வரை'. 'ஆறு மணி வரை வேலை செய்வேன்' என்பதற்கு 'ஐ வில் வொர்க் அன்டில் சிக்ஸ்'; அங்கே வேலை ஆறு மணிவரை ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும் பேச்சே இல்லை. வில் ஹேவ் போட்டு ஒரு செயல் முடிந்துவிடும் என்று சொல்லும் வாக்கியத்தில் அன்டில் வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பை தி டைம் என்பது பையின் நீண்ட வடிவம். 'நீ வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்' என்றால் 'பை தி டைம் யூ கம், ஐ வில் ஹேவ் லெஃப்ட்'. 'பை தி டைம் யூ வில் கம்' என்று எழுதக் கூடாது. வருவது எதிர்காலத்தில்தானே, வில் ஏன் கூடாது என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். வென், பிஃபோர், ஆஃப்டர், பை தி டைம் என்று காலத்தைச் சொல்லித் தொடங்கும் துணை வாக்கியத்தில் எதிர்கால நிகழ்ச்சியையும் ஆங்கிலம் நிகழ்கால வடிவத்திலேயே வைக்கும். முதன்மை வாக்கியத்தில் வரும் வில்லே எதிர்காலத்தைக் காட்டிவிடுகிறது. தமிழும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. 'நீ வந்ததும் கிளம்புவேன்' என்கிறோம். வருவது இனிமேல்தான், ஆனாலும் 'வந்ததும்' என்று இறந்தகாலத்தில் வைக்கிறோம். யாரும் அதற்குக் காரணம் கேட்பதில்லை.

'எதிர்காலத்தில் ஒரு புள்ளிக்கு முன் முடிந்துவிடும் செயல்' என்று பாடப்புத்தகம் தரும் விளக்கம் ஓரளவுக்குத்தான் உதவும். ஒருவர் 2018 ஜூனில் ஒரு வேலையில் சேர்ந்தார். 'பை ஜூன் 2028, ஐ வில் ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்கிறார். 2028 ஜூனில் வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை, மறுநாளும் வந்து அதே நாற்காலியில்தான் உட்காருவார். முடிவது வேலை அல்ல, பத்து வருடம் என்ற அளவு. எத்தனை வருடம், எத்தனை தடவை, எத்தனை பக்கம் என்று கூட்டுத்தொகை காட்டும் இடங்களில் இந்த டென்ஸுக்கு மாற்றே கிடையாது. பேச்சில் இதைத் தவிர்க்க முடியாத இடம் என்றால் அதுதான். இதையே 'ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்றும் சொல்லலாம். விடாமல் தொடர்வதை அது சற்று அழுத்திக் காட்டும். நோ, பிலாங், ஓன் போன்ற வினைகளுக்கு மட்டும் பீன் போட்டு நீட்டுவது ஒட்டாது. 'ஐ வில் ஹேவ் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ்' சரி, 'ஹேவ் பீன் நோயிங்' சரியல்ல.

தடவைக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை ஒரு தேர்வை எழுதியவர், 'மறுபடி எழுதினால் மூன்று தடவை எழுதியிருப்பேன்' என்கிறார்: 'இஃப் ஐ டேக் இட் அகெய்ன், ஐ வில் ஹேவ் டேக்கன் இட் த்ரீ டைம்ஸ்.' மூன்றில் இரண்டு ஏற்கெனவே நடந்து முடிந்தவை! எதிர்கால டென்ஸுக்குள் இறந்தகாலம் எப்படி நுழைந்தது? ஹான்ஸ் ரெய்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947-இல் இதற்கு ஒரு சுத்தமான விளக்கம் தந்தார். ஒவ்வொரு டென்ஸையும் மூன்று புள்ளிகளால் விளக்கலாம் என்றார்: பேசும் நேரம், செயல் நடக்கும் நேரம், நின்று பார்க்கும் நேரம். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்டில் நின்று பார்க்கும் நேரம் பேசும் நேரத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும், செயல் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. செயல் இப்போதைக்கு முன்னாலா பின்னாலா என்பதை அந்த டென்ஸ் சொல்வதே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'கேண்டிடேட்ஸ் ஹூ வில் ஹேவ் கம்ப்ளீட்டட் தெயர் டிகிரி பை ஜூலை' என்று இருந்தால், போன வருடமே பட்டம் முடித்தவரும் அதில் அடங்குவார், ஜூன் மாதம் முடிக்கப்போகிறவரும் அடங்குவார். 'ஹூ வில் கம்ப்ளீட்' என்று எழுதியிருந்தால் ஏற்கெனவே முடித்தவர் 'நமக்கு இல்லையோ' என்று படிவத்தை மூடி வைத்துவிடலாம்.

இங்கிருந்து '-இருப்பேன்' பக்கம் திரும்புவோம். மேலே 'எத்தனை மெயில்களில் திருத்தியிருப்பேன்' என்று எழுதினேன். அது எதிர்காலமா? உருவம் எதிர்காலம், பொருளோ முழுக்க முழுக்க இறந்தகாலம். உறுதியாகத் தெரியாததை ஊகித்துச் சொல்வதற்காக எதிர்கால உருவத்தைக் கடன் வாங்கியிருக்கிறேன். 'இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்', 'நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்' எல்லாம் இந்த வகை. ஆங்கிலமும் அச்சு அசலாக இதையே செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 'ஹீ வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்', 'யூ வில் ஹேவ் ஹர்ட் தி நியூஸ்'. இவற்றில் எதிர்காலம் துளியும் இல்லை. இரண்டு மொழிகளுக்கும் உறவே கிடையாது. இருந்தும் இனி நடக்கப்போவதற்கும் கண்ணால் பாராததற்கும் இரண்டுமே ஒரே உடையை மாட்டிவிட்டிருக்கின்றன. இரண்டுமே நமக்குத் தெரியாதவை என்பது காரணமாக இருக்கலாம்.

ஊகத்துக்கு ஆங்கிலத்தில் வில் ஹேவ் மட்டுமல்ல, மஸ்ட் ஹேவ், மே ஹேவ் என்றும் உண்டு. ஜன்னலில் விளக்கு எரிகிறது, வாசலில் செருப்பு கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 'வந்திருக்க வேண்டும்' என்றால் 'ஹீ மஸ்ட் ஹேவ் கம்'. ஒன்றையும் பார்க்கவில்லை, தினமும் ஏழு மணிக்கு வருவார், இப்போது ஏழரை. 'வந்திருப்பார்' என்றால் 'ஹீ வில் ஹேவ் கம் ஹோம் பை நவ்'. வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்றால் 'ஹீ மே ஹேவ் கம்'. தடயத்துக்கு மஸ்ட், வழக்கத்துக்கு வில் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். இது என் காது பழகிய பழக்கம், கல்லில் பொறித்த விதி அல்ல. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும் வாக்கியங்கள் ஏராளம். தன்னைப் பற்றிய ஊகத்துக்கு மட்டும் மஸ்ட்தான் இயல்பு. நான் திருத்திய மெயில்களை 'ஐ மஸ்ட் ஹேவ் கரெக்டட் ஹண்ட்ரட்ஸ் ஆஃப் தெம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் இரண்டாவது வாக்கியம் இந்த இரண்டு வகையிலும் சேராது. 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.' இதில் எதிர்காலமும் இல்லை, ஊகமும் இல்லை. நீங்கள் வரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். நடக்காமல் போனதைப் பற்றிய பேச்சு இது. தமிழ் இதற்கும் அதே 'வந்திருப்பேன்' என்ற சொல்லைக் கொடுக்கிறது. வித்தியாசத்தை 'சொல்லியிருந்தால்' என்பது சுமந்துகொள்கிறது. ஆங்கிலம் இங்கே வில்லை எடுத்துவிட்டு வுட் போடச் சொல்கிறது: 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.' இதில் சலுகை எதுவும் கிடையாது. உங்கள் நண்பர் திருத்தியது சரி. குழம்பும்போது வாக்கியத்தின் கடைசியில் 'ஆனால் நடக்கவில்லை' என்று மனதுக்குள் சேர்த்துப் பாருங்கள். 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன், ஆனால் வரவில்லை': ஒட்டுகிறது, ஆகவே வுட் ஹேவ். 'நாளை இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன், ஆனால் சேரவில்லை': ஒட்டவே இல்லை, ஆகவே வில் ஹேவ். 'இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார், போன் பண்ணிப் பாருங்கள்': போனாரா என்பது இன்னும் திறந்தே இருக்கிறது, இதற்கும் வில் ஹேவ். இந்தச் சோதனையை நான் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஓரிடத்தில் மட்டும் இது காலை வாரும். 'ஆறு மணிக்குள் முடித்திருப்பேன் என்று சொன்னார்' என்று பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது 'ஹீ செட் ஹீ வுட் ஹேவ் ஃபினிஷ்ட் பை சிக்ஸ்' என்று வில் தானாக வுட் ஆகிவிடும். அது 'செட்' என்ற இறந்தகால வினையின் வேலை. முடித்தாரா இல்லையா என்பதை அது சொல்வதில்லை.

வில் ஹேவ் கண்ணில் பட்டதும் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 'ஐ வில் ஹேவ் டீ' என்பதில் ஹேவ் முழு வினை; டீ எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள். இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. 'ஐ வில் ஹேவ் ரிப்பேர்ட் தி கார் பை சிக்ஸ்' என்றால் காரை நானே சரிசெய்து முடித்திருப்பேன். 'ஐ வில் ஹேவ் தி கார் ரிப்பேர்ட் பை சிக்ஸ்' என்றால் பெரும்பாலும் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்ய வைப்பேன் என்று பொருள். அதே சொற்கள்தான், கார் ஓரிடம் முன்னால் நகர்ந்ததும் வேலை செய்பவரே மாறிவிட்டார். தமிழில் இதற்கு 'செய்ய வைப்பேன்' என்று தனி அமைப்பே இருப்பதால் நமக்கு இந்த ஆபத்து உறைப்பதில்லை. மூன்றாம் வடிவம் ஹேவின் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். நடுவே ஆல்ரெடி, நாட், புராபப்ளி போன்ற சிறு சொற்கள் வரலாம், செயப்படுபொருள் வரக் கூடாது.

இது ஒரு டென்ஸ்தானா என்பதிலேயே இலக்கண அறிஞர்களுக்குள் தகராறு இருக்கிறது. பள்ளிப் புத்தகங்கள் பன்னிரண்டு டென்ஸ் என்று அட்டவணை போட்டு இதையும் ஒரு கட்டத்தில் உட்கார வைக்கின்றன. லத்தீனில் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் ஒரே சொல்லுக்குள் அடங்கும் உண்மையான வினை வடிவம். அதை அளவுகோலாக வைத்து ஆங்கிலத்தையும் அளந்த பழைய பழக்கம் இது. 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டன், புல்லம் இருவரும் ஆங்கிலத்துக்கு எதிர்கால டென்ஸே கிடையாது என்கிறார்கள். வில் என்பது கேன், மே, மஸ்ட் ஆகியவற்றின் வரிசையில் நிற்கும் ஒரு துணைவினை, எதிர்காலம் அதன் வேலைகளில் ஒன்று என்பது அவர்கள் வாதம். 'வந்திருப்பார்' என்று ஊகிக்க வில் ஹேவ் ஏன் வருகிறது என்பதற்கு இந்தப் பார்வை நன்றாகவே ஒத்துப்போகிறது; நான் மனதளவில் அவர்கள் பக்கம். ஆனால் தேர்வில் டென்ஸின் பெயர் கேட்டால் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்றே எழுதிவிட்டு வாருங்கள். மதிப்பெண்ணை இந்தத் தகராறில் பணயம் வைக்க வேண்டாம்.

கடைசியில் வருகிறேன் என்று சொன்ன அந்த வித்தியாசம். 'வில் யூ ஃபினிஷ் தி ரிப்போர்ட் பை சிக்ஸ்?' என்று மேலதிகாரி கேட்டால் அது பாதி கேள்வி, பாதி உத்தரவு, 'முடித்துத் தருகிறாயா?' என்று உங்களிடம் வாக்குக் கேட்பது போல இருக்கும். 'வில் யூ ஹேவ் ஃபினிஷ்ட் இட் பை சிக்ஸ்?' என்று கேட்டால், ஆறு மணிக்கு நிலவரம் என்னவாக இருக்கும் என்று மட்டும் விசாரிக்கிறார். மறுப்பில் இது இன்னும் கூர்மையாகும். 'ஐ வோன்ட் ஃபினிஷ் இட் பை சிக்ஸ்' என்பதை வெறும் தகவலாகவும் எடுத்துக்கொள்ளலாம், குரல் கொஞ்சம் தடித்தால் 'முடிக்க மாட்டேன், போ' என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'ஐ வோன்ட் ஹேவ் ஃபினிஷ்ட் இட் பை சிக்ஸ்' என்பதில் அந்த முறைப்புக்கு இடமே இல்லை. தமிழிலும் 'முடிக்க மாட்டேன்', 'முடித்திருக்க மாட்டேன்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முன்னதில் என் விருப்பம் பேசுகிறது, பின்னதில் கடிகாரம் பேசுகிறது. ஆகவே முடித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்கும் மெயிலில் நீங்கள் எழுதிய 'ஐ வில் ஃபினிஷ்' அப்படியே இருக்கட்டும். முடியாது என்று தெரிந்துபோன நாளில் மட்டும் 'ஐ வோன்ட் ஹேவ் ஃபினிஷ்ட் இட் பை சிக்ஸ், பட் இட் வில் பி ரெடி பை எய்ட்' என்று எழுதுங்கள்.